புதிதாகத் தொடங்குபவருக்கு உகந்தது என்று எனக்கு விற்கப்பட்ட இரண்டு முருகைகள்

யாழ்ப்பாணத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்தான். அடுத்ததாக முருகை என்னும் பவள உயிரை வாங்க எண்ணியிருப்பவர்கள் அவர்களிலும் சிலர். அந்தச் சிலருக்காகவே இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், என்னிடம் பற்றுச்சீட்டு இல்லை என்பதுதான். கேட்டு வாங்காதது என் தவறு.

என்னுடைய 120 லீற்றர்த் தொட்டி ஏழு மாதங்களாக இரண்டு கோமாளி மீன்களுடன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இலகுவில் சாகாத முருகை ஏதாவது வேண்டும் என்று கேட்டபோது, கடைக்காரர் சிவந்த பூமரம் போன்ற டென்ட்ரோநெப்தியாவையும், பச்சை நிறக் கோனியோபோரா என்னும் கல்முருகையையும் எடுத்துக் காட்டினார். "தம்பி, இது லேசில சாகாது, லைற் இருந்தால் காணும்" என்றார். இரண்டுக்குமாக 31,000 ரூபா கொடுத்தேன்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியமே முழுப் பொய் என்பது பின்னர்தான் தெரிந்தது. வீட்டுத் தொட்டிகளில் வாழும் பெரும்பாலான முருகைகளின் உடலுக்குள் அல்காக்கள் எனப்படும் ஒற்றைக்கலப் பாசிகள் இருக்கின்றன. அவை ஒளித்தொகுப்பின் மூலம் உணவு செய்து கொடுப்பதால் தகுந்த விளக்கு இருந்தால் முருகை பிழைத்துக்கொள்ளும். டென்ட்ரோநெப்தியாவில் அந்த அல்காக்களே இல்லை. ஓடும் நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களை இடைவிடாமல் பிடித்து உண்டு வாழும் அந்த உயிரை, வெறும் விளக்கை நம்பி நான் மூன்று வாரங்கள் பட்டினி போட்டுக் கொன்றேன். கோனியோபோரா இரண்டு மாதங்கள் தாக்குப்பிடித்தது. கடலிலிருந்து எடுக்கப்பட்ட கோனியோபோரா தொட்டியில் முதலில் அழகாக விரிந்து, பின்னர் மெல்ல மெல்லச் சுருங்கி மடிவது, இதில் பழகியவர்களுக்குப் பழைய கதையாம். கடையின் நீல வெளிச்சத்தில் அது பச்சையாக ஒளிர்ந்ததால், அடிப்பக்கத்தில் தசை உரிந்து எலும்புக்கூடு வெண்மையாகத் தெரிந்ததை நான் கவனிக்கவில்லை. வீட்டில் வெள்ளை விளக்கைப் போட்டபோதுதான் கண்டேன்.

திரும்பிச் சென்று முறையிட்டபோது, "உங்கட கிணத்துத் தண்ணிதான் பிழை" என்றார். கேட்பவர் நம்பக்கூடிய பதில்தான். சுண்ணக்கல் நிலத்தில் ஊறும் எங்கள் கிணற்று நீர் கடினமானது. தோட்டங்களுக்கு இடும் உரத்தால் நைத்திரேற்றும் பல இடங்களில் அதிகம். ஆனால் நான் உப்புக் கரைப்பது, கரைந்த உப்புகளையும் நீக்கும் ஆர்.ஓ. வடிகட்டியில் சுத்தமாக்கிய நீரில் என்பதையும், உவர்த்தன்மை ஆயிரத்துக்கு 35 என்பதையும் சொன்னதும், பேச்சு வெயிலுக்கும் மின்வெட்டுக்கும் மாறிவிட்டது. கல்முருகைகள் யாவும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால், இறக்குமதி செய்த பத்திரம் உண்டா என்று கேட்டேன். சிரித்தார். நம் கடலிலேயே பிடுங்கியதாக இருந்தால் அது வேறொரு குற்றம் என்று சொல்லவந்து, வாங்கியவனும் நான்தானே என்று பேசாமல் வந்துவிட்டேன்.

உண்மையில் தொடக்கத்துக்கு ஏற்றவை விலையிலும் தோற்றத்திலும் அடக்கமானவை. டிஸ்கோசோமா என்னும் காளான் முருகை மங்கிய வெளிச்சத்திலும், நீரில் சற்று நைத்திரேற்று இருந்தாலும் வாழும். சார்கோபைட்டன் என்னும் தோல் முருகை சில நாட்கள் சுருங்கிக் கிடந்து மெழுகுபோன்ற படலத்தை உரிக்கும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். கிறீன் ஸ்டார் பொலிப் பாறை முழுவதும் படர்ந்துவிடும் என்பதால் தனிக் கல்லில் வைப்பது நல்லது. சோவாந்தஸும் உறுதியானதுதான், ஆனால் இதுவும் இதன் நெருங்கிய உறவுகளும் அடங்கிய வகையில் சிலவற்றிடம் பலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு இருப்பதால், கையுறை இல்லாமல் தொடக்கூடாது, அது ஒட்டிய கல்லை ஒருபோதும் கொதிக்கவைக்கக் கூடாது. இதை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொன்னதில்லை.

வாங்கும்போது நீல விளக்கை அணைத்து, வெள்ளை வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். கடைக்கு வந்து எத்தனை வாரம், என்ன உண்ணும் என்று கேளுங்கள். அடிக்கல்லின் மேல் தசை தானாகவே படர்ந்திருந்தால் அது அங்கே சில காலம் வாழ்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்; பசையோ இறப்பர் வளையமோ மட்டும் தாங்கி நின்றால் பொறுத்திருப்பது நல்லது. பற்றுச்சீட்டில் முருகையின் பெயரையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். நீல வெளிச்சத்தில் இன்னொரு சிவப்பு முருகை இருந்தது. விலை 2,000 ரூபா கூடியிருக்கிறது.