சுருள் பெட்டி: பழையபேட்டை மரப்பட்டறையில் செய்து வாங்கியது

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு மரப்பட்டறை இருக்கிறது. நிலை, ஜன்னல், கட்டில்தான் அங்கே அன்றாட வேலை, ஆனால் மாதிரி வரைந்து கொடுத்தால் எதையும் செய்து தருவார்கள். அங்கே நான் செய்து வாங்கியது ஒரு சுருள் பெட்டி. சந்தை, திருவிழா என்று வெளியில் போய் வரைகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

பெட்டி எப்படி இருக்கும் என்றால், மண்டியில் கணக்குப்பிள்ளை முன்னால் இருக்கும் சாய்வுப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு உருளை. ஒன்றில் நீளக் காகிதம் சுற்றியிருக்கும், வரைய வரைய இன்னொன்றின் கைப்பிடியைத் திருகினால் வரைந்த பகுதி உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும், வெற்றுத்தாள் முன்னால் வந்து நிற்கும். தாளைப் புரட்டுவது, கிளிப் மாட்டுவது, காற்றில் பறப்பதை எட்டிப் பிடிப்பது, எதுவும் கிடையாது.

இது ஹார்வி டன் என்ற அமெரிக்க ஓவியர் முதல் உலகப் போரில் வைத்திருந்த பெட்டியைப் பார்த்துச் செய்தது. 1884இல் தெற்கு டகோட்டா பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், நிலம் உழுது சேர்த்த காசில் சிகாகோவுக்குப் படிக்கப் போனவர், பிறகு ஹோவர்ட் பைல் என்ற பெரிய ஓவியரிடம் சீடராக இருந்தார். 1906இல் தனியாகத் தொழில் ஆரம்பித்து, சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் மாதிரிப் பத்திரிகைகளின் கதைகளுக்குப் படம் போட்டே நன்றாகச் சம்பாதித்தார். 1918இல் அமெரிக்க ராணுவம் 8 ஓவியர்களுக்கு கேப்டன் பதவி கொடுத்து பிரான்சுக்கு அனுப்பியபோது அவரும் ஒருவர். அவர்களைச் சேர்த்தது பொறியாளர் படையில், அதாவது நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் இருக்கிற மெட்ராஸ் சேப்பர்ஸ் மாதிரியான படையில்.

அங்கே போனவர் பின்னால் உட்கார்ந்து வரையவில்லை, சிப்பாய்களோடு முன்வரிசைக்கே போனார். நடந்து போகிற ஆட்களை, சேற்றை, காயம்பட்டவனைத் தாங்கிப் பிடித்திருக்கிற கையை, நிறுத்தாமல் வரைந்துகொண்டே போவதற்குத்தான் இந்த உருளை ஏற்பாடு. போர்க்கைதிகளும் காயம்பட்டவர்களும் ஒன்றாகக் களைத்துப்போய் நடந்துவரும் ஒரு படம் அவருடையது, அதில் யார் எந்தப் பக்கத்து ஆள் என்று தேடவே நமக்குத் தோன்றாது. இன்னொன்றில் மெஷின் கன் வீரன் ஒருவன் தனியாக நிற்கிறான். எனக்கு அதைப் பார்த்ததும் தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கிற நடுகல் வீரர்கள்தான் ஞாபகம் வந்தார்கள், ஆயுதத்தோடு அதே மாதிரி ஒற்றையாக நிற்கிறவர்கள்.

என் அப்பா பாலக்கோட்டிலும் தர்மபுரியிலும் கடைப் போர்டும் சுவர் விளம்பரமும் எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழில் போன பிறகும், அதையெல்லாம் ஓவியம் என்று யாரும் சொன்னதில்லை. நான் அப்படி நினைக்கவில்லை. பத்திரிகை அச்சுக்குப் போகும் நாளுக்குள் படத்தை முடித்துப் பழகிய கை என்பதால்தான், ஐந்து நிமிடம்கூட ஓர் ஆள் ஓரிடத்தில் நிற்காத போர்க்களத்தில் டன்னால் வரைய முடிந்தது. கூலிக்கு வரைந்த வருடங்கள் அவருக்கு வீணாகவில்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன். அடிப்பலகை மாமரம், உருளைகள் தேக்கில் கடைசல் பிடித்தது, கூலியோடு 1,850 ரூபாய். நான்கு நாளில் தருகிறேன் என்றார்கள், பதினோரு நாள் ஆனது, இரண்டு முறை வீணாக அலைந்தேன். வாங்கி வந்த அன்றைக்கே ஒரு குறை தெரிந்தது: காகிதம் கால்வாசி சுற்றியதும் ஒரு பக்கமாக ஏறி ஓரம் கசங்கியது. திரும்ப எடுத்துப் போனேன். மேஸ்திரி உருளையைக் கழற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், துளை ஒரு நூல் கீழ இறங்கிடுச்சு, என் தப்புதான்" என்றார். பழைய துளையை மரமுளை வைத்து அடைத்து, தள்ளிப் புதுத்துளை போட்டு, உருளை தானாகச் சுழலாமல் இருக்க சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி உள்ளே மாட்டிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. அந்த டியூப் வளையம் நான் கேட்காதது, ஆனால் இப்போது பெட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான், திருகினால் நகரும், விட்டால் அப்படியே நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கு எடுத்துப் போனேன். ஆட்டுக்காரர்கள் பக்கம் ஆரம்பித்து, காய்கறி வரிசை, துணிக்கடைகள் என்று நகர்ந்து நகர்ந்து ஒன்றரை மணி நேரத்தில் பன்னிரண்டு அடி வரைந்திருக்கிறேன். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து ஆட்டு விலை பேசுகிற இரண்டு பேரில் ஆரம்பிக்கிற கோடு, அந்தப் பக்கம் மூட்டை தூக்குகிற அம்மாவின் முதுகு வரை வெட்டுப்படாமல் போகிறது. நோட்டில் வரைந்திருந்தால் அது எட்டுப் பக்கமாகத் துண்டாகியிருக்கும்.

பென்சில், கரி, பால்பாயின்ட் பேனாவுக்கு நன்றாக இருக்கிறது. வாட்டர்கலருக்கு வேண்டாம், ஈரம் காயுமுன் சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும். கரியில் வரைந்தாலும் பின்பக்கம் லேசாகப் படிகிறது, அதனால் நான் பென்சிலோடு நிறுத்திக்கொண்டேன். எடை மூன்று கிலோவுக்கு மேல், தோள்பட்டை வார் மாட்ட இரண்டு வளையம் சேர்த்துக் கேளுங்கள். மாமரத்துக்குப் பதில் வேம்பு கேட்டால் மழைக்காலத்தில் உப்பாது என்று மேஸ்திரியே சொன்னார், விலை கொஞ்சம் கூடும்.

காகிதம் அவர்களிடம் இல்லை, உங்கள் காகிதச் சுருளையே கையோடு எடுத்துப் போய் அகலம் காட்டுங்கள், அளவு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதாது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை பட்டறை பூட்டியிருக்கும்.