1.9 மைல்: டாலஸ் வடக்குப் புறநகரின் ஒரு கல்வி மாவட்டத்தில் நாலரை ஆண்டு

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் எங்களுக்கு எதிர்வீட்டில் குடியிருந்த தம்பி ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய வேலை டாலஸுக்கு மாறுகிறது. மூத்த பெண் இரண்டாம் வகுப்பு. இளையவனுக்கு நான்கு வயது. "அண்ணா, நீங்கள் இருக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி? அங்கேயே வீடு பார்க்கட்டுமா?" என்று கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். பேசி முடித்தபோது, நான் பாதி நேரம் பாராட்டியும் பாதி நேரம் கோபப்பட்டும் அவருக்கு உதவாத பதிலையே தந்திருந்தேன் என்று உணர்ந்தேன். அதனால் நிதானமாக எழுதுகிறேன். ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் கல்வி மாவட்டத்தைத்தான் இங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்கிறார்கள்; பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதை வீட்டு முகவரிதான் முடிவு செய்கிறது. எங்கள் மாவட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காலின் கவுண்டியில் வேகமாக வளரும் புறநகர் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2021 ஜூனில் வந்தோம். மகள் அப்போது மூன்றாம் வகுப்புக்குப் போக இருந்தாள். மகன் பள்ளி செல்லும் வயதை எட்டவில்லை. டாலஸைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டு விளம்பரங்களுக்குக் கீழே கிரேட்ஸ்கூல்ஸ் தளம் பள்ளிகளுக்குப் பத்துக்குப் போடும் எண் ஒன்றுதான். எட்டுக்குக் குறைவான பள்ளி உள்ள வீடுகளைப் பார்ப்பதே இல்லை என்று நானும் என் மனைவியும் முடிவு செய்துகொண்டோம். இறுதியில் ஒன்பது பெற்ற தொடக்கப் பள்ளிக்கு 0.6 மைல் தொலைவில், குழந்தைகள் பன்னிரண்டு நிமிடத்தில் நடந்து போகக்கூடிய இடத்தில், வீடு வாங்கினோம். ஏறத்தாழ அதே அளவு வீடு, எண் குறைந்த இன்னொரு பள்ளியின் எல்லைக்குள் தெளிவாகவே மலிவாகக் கிடைத்தது. அந்த விலை வேறுபாட்டைப் பிள்ளைகளின் படிப்புக்கான செலவு என்று கருதி மனமுவந்து கொடுத்தோம்.

சரியாக அமைந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பறையில் 22 மாணவருக்கு மேல் கூடாது என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. விலக்கு வாங்கிக்கொள்ள வழி உண்டு என்றாலும் எங்கள் பிள்ளைகளின் வகுப்புகள் அந்த வரம்புக்குள்ளேயே இருந்தன. மாநில வருமான வரி இல்லை. அதற்கு ஈடாகச் சொத்து வரி கனமானது. அந்தச் சீட்டில் பெரும்பங்கு கல்வி மாவட்டத்துக்கே போகிறது. 1978-இல் வந்த 13-ஆம் முன்மொழிவின்படி வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறாத கலிஃபோர்னியாவிலிருந்து வருபவர்களுக்கு, குடியிருக்கும் வீட்டுக்கே 10 விழுக்காடு வரை ஏறலாம் என்பது முதல் ஆண்டில் அதிர்ச்சியாக இருக்கும். பள்ளி வரிக்காகச் சொந்த வீட்டின் மதிப்பில் கழிக்கும் விலக்கை 2022-இல் 40,000 டாலராகவும், 2023-இல் 1,00,000 டாலராகவும், 2025-இல் 1,40,000 டாலராகவும் வாக்காளர்கள் உயர்த்தியதால் சுமை சற்றுக் குறைந்திருக்கிறது. வரியைப் பற்றி எனக்குக் குறையில்லை. வாங்கும் பணத்துக்குப் பள்ளிக் கட்டடங்களும் இசை வகுப்புகளும் நூலகங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன.

என் குறை வேறு. 2022-23 குளிர்காலத்தில் மாவட்டம் பள்ளி எல்லைகளைத் திருத்தப் போவதாகக் கடிதம் வந்தது. வடக்கே புதிய குடியிருப்புகள் எழுந்து, எங்கள் ஒன்பது எண் பள்ளி நிரம்பி வழிந்தது. புதிய பள்ளி ஒன்றைத் திறந்து ஒரு பகுதிக் குழந்தைகளை அங்கே அனுப்பினார்கள். எங்கள் தெருவையும் சேர்த்து நான்கைந்து தெருக்களைத் தெற்கே இருந்த பழைய பள்ளி ஒன்றுக்கு மாற்றினார்கள். தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகள் மட்டும், பெற்றோரே அழைத்து வருவதாக இருந்தால், பழைய இடத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆகவே 2023 ஆகஸ்டில் மகள் ஒரு பள்ளியிலும், ஒன்றாம் வகுப்பு சேர்ந்த மகன் இன்னொரு பள்ளியிலும் இருந்தார்கள். எந்த எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுத்தோமோ அந்த எண் எங்கள் முகவரியை விட்டுப் போய்விட்டது.

இதில் மாவட்டத்தின் மீது முழுப் பழியையும் போட எனக்கு உரிமை இல்லை. எல்லையை வகுக்கும் அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிக் குழுவுக்கு உண்டு. பொதுக் கூட்டங்கள் நடத்தினார்கள். வரைபடங்களை முன்கூட்டியே வெளியிட்டார்கள். நாங்கள் வாங்கியது ஒரு வீட்டை. ஒரு பள்ளியில் இடத்தை அல்ல. எந்த ஒப்பந்தத்திலும் யாரும் அப்படி உறுதியளிக்கவில்லை. குழந்தைகள் கூட்டமாய் வந்து சேரும் ஊரில் கோடுகளை நகர்த்தாமல் பள்ளி நடத்த முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எங்களை மாற்றிய அந்தத் தெற்குப் பள்ளி எங்கள் வீட்டிலிருந்து 1.9 மைல் தொலைவில் இருக்கிறது. அதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

டெக்சாஸில் மாநில அரசு பள்ளிப் பேருந்துக்குப் பணம் தருவது, பொதுச் சாலை வழியாக மிகக் குறுகிய பாதையில் அளந்தால் பள்ளியிலிருந்து இரண்டு மைல் அல்லது அதற்கு மேல் வசிக்கும் மாணவர்களுக்குத்தான். எங்கள் மாவட்டமும் அதையே தன் விதியாக வைத்திருக்கிறது. ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு குறைவதால் என் மகனுக்குப் பேருந்து இல்லை. 1.9 மைல் என்பது மூன்று கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஆறு வழித்தடச் சாலை ஒன்றைக் கடக்க வேண்டும். அதில் வண்டிகள் மணிக்கு 45 மைல் வேகத்தில் போகின்றன. ஆறு வயதுக் குழந்தையை அந்தச் சாலையைத் தனியாகக் கடந்து நடந்துவா என்று எந்தப் பெற்றோரும் சொல்ல மாட்டார்கள். ஆபத்தான வழி என்றால் இரண்டு மைலுக்குள்ளும் பேருந்து விடலாம். அதற்காக மாநிலம் பத்து விழுக்காடு வரை கூடுதல் நிதி தருகிறது. போக்குவரத்து அலுவலகத்துக்கு அதைக் குறிப்பிட்டு எழுதினேன். அந்தச் சந்திப்பில் சிக்னல் இருக்கிறது, நடைபாதையும் இருக்கிறது, ஆகவே அது வரையறைக்குள் வராது என்று பதில் வந்தது. சட்டத்தின் சொற்களைப் படித்துப் பார்த்தேன். கட்டுப்பாடற்ற பெருஞ்சாலை என்றுதான் அதில் இருக்கிறது. அவர்கள் சொன்னது சரிதான். சரியாக இருப்பதுதான் என் எரிச்சலைக் கூட்டுகிறது. தவறாக இருந்திருந்தால் வாதாடியாவது வென்றிருப்பேன்.

சட்டம் தடுப்பதும் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு மைலுக்குள் வசிக்கும் மாணவருக்கு நியாயமான கட்டணம் வாங்கிக்கொண்டு பேருந்து விட மாவட்டங்களுக்கு அனுமதி உண்டு. நான் கட்டணம் தரத் தயார் என்றே எழுதினேன். எங்கள் தெருவில் இன்னும் ஆறு குடும்பங்கள் கையெழுத்திட்டன. ஓட்டுநர் பற்றாக்குறை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். ஓட்டுநர் பற்றாக்குறை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு தெருவைக் காகிதத்தில் வேறு பள்ளிக்கு மாற்றும்போது, அங்கிருக்கும் குழந்தை எப்படிப் போய் வரும் என்ற கேள்வியையும் அதே கூட்டத்தில், அதே காகிதத்தில் எடுத்திருக்க வேண்டும். நான் சென்ற இரண்டு கூட்டங்களிலும் வகுப்பறைக் கொள்ளளவைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். பேருந்தைப் பற்றிப் பெற்றோர் கேட்ட பிறகே பேசினார்கள்.

ஆகவே கார் லைன்: பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரின் கார் வரிசை. பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளி முடிகிறது. இரண்டரைக்குள் வரிசையில் நிற்காவிட்டால் வால் பெருஞ்சாலை வரை நீண்டுவிடும். மகனுக்குரிய எண் அட்டையைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, வெப்பம் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் ஆகஸ்ட் மாதத்தில் குளிர்சாதனத்தை ஓட விட்டபடி, ஒவ்வொரு கார் நீளமாக நகர்கிறோம். என் மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் பணிபுரிவதால் இந்த வேலை என்னுடையது. என் குழு இன்னும் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. இங்கே இரண்டரை என்றால் அங்கே பன்னிரண்டரை. அவர்களுடைய மதிய உணவு நேரத்தில் நான் வரிசையில் இருக்கிறேன். ஒரு முறை கணக்குப் போட்டேன். நாளொன்றுக்கு 45 நிமிடம், ஆண்டுக்கு 170 நாள் என்றால் 7,650 நிமிடம். ஒரு கல்வியாண்டில் மாவட்டங்கள் 75,600 நிமிடம் பள்ளி நடத்த வேண்டும் என்பது மாநில விதி. என் மகன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை நான் காருக்குள் உட்கார்ந்து கழிக்கிறேன்.

இவ்வளவும் எழுதிய பிறகு, அதே பள்ளியைப் பற்றி இதைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன் ஆவேன். மகனுக்கு எழுத்துகள் ஒட்டவே இல்லை. வீட்டில் தமிழ் பேசுவதால் ஆங்கிலம் தாமதமாகிறது என்று நாங்களே எங்களைத் தேற்றிக்கொண்டிருந்தோம்; பலரும் அப்படியே சொன்னார்கள். டெக்சாஸில் மழலை வகுப்பின் முடிவில் ஒரு முறையும், ஒன்றாம் வகுப்பில் ஜனவரி 31-க்குள் ஒரு முறையும் ஒவ்வொரு குழந்தையையும், எழுத்துகளை வாசிப்பதைக் கடினமாக்கும் டிஸ்லெக்சியா என்ற குறைபாட்டுக்காகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று 2017-இல் சட்டம் வந்தது. முதல் சோதனையில் தெளிவான விடை கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில் நடந்த இரண்டாவது சோதனையின் முடிவோடு, ஏழு எண் பெற்ற அந்தப் பள்ளியின் ஆசிரியை எங்களை அழைத்துப் பேசினார். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தவே வேண்டாம், இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று முதலில் அதைத்தான் சொன்னார். முழு மதிப்பீட்டுக்குப் பிறகு, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் மூன்று நான்கு குழந்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒலியையும் எழுத்தையும் அடியிலிருந்து இணைத்துச் சொல்லித் தரத் தொடங்கினார். இப்போது மூன்றாம் வகுப்பு. சென்ற மாதம் நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தைத் தானாகவே இரவில் படுக்கையில் வைத்து வாசித்தான். நானும் மனைவியும் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

கலிஃபோர்னியாவிலும் இத்தகைய சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் 2023-இல் வந்தது. ஆனால் பள்ளிகளில் அது நடைமுறைக்கு வந்தது 2025-26 கல்வியாண்டில்தான். அங்கேயே இருந்திருந்தால் அவன் அதற்குள் இரண்டு வகுப்புகளைத் தாண்டியிருப்பான்.

நாங்கள் நம்பி வந்த எண்ணில் இதில் எதுவுமே இல்லை. அந்த எண்ணில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பெரிய இடம் உண்டு. சராசரி மதிப்பெண்ணோ பெரும்பாலும் அந்தப் பகுதிக் குடும்பங்களின் வருமானத்தைப் பின்தொடர்கிறது. ஒரு பள்ளியில் குழந்தைகள் ஆண்டுதோறும் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பது அந்த அளவுக்கு வருமானத்தைச் சார்ந்ததில்லை என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுவதுமுள்ள தேர்வு முடிவுகளைக் கொண்டு காட்டியிருக்கிறார். இதை வீடு வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டும். ஒன்பதுக்கும் ஏழுக்கும் இடையில் நாங்கள் கொடுத்த தொகையை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

தம்பிக்குச் சொல்வது இதுதான். ஊர்ப் பெயரை நம்ப வேண்டாம். ஃபிரிஸ்கோ என்ற ஒரே நகரத்தின் எல்லைக்குள் ஃபிரிஸ்கோ, லூயிஸ்வில், பிராஸ்பர், லிட்டில் எல்ம் என நான்கு கல்வி மாவட்டங்கள் இருக்கின்றன. முகவரியைக் கொடுத்து மாவட்டத்தின் தளத்திலேயே சரிபார்க்க வேண்டும். சுற்றிலும் வெற்று நிலம் இருந்தால் அங்கே என்ன வரப்போகிறது என்று கேளுங்கள். மாணவர் எண்ணிக்கை பற்றிய முன்கணிப்பு அறிக்கையைப் பள்ளிக் குழுக் கூட்டத்தின் ஆவணங்களில் தேடுங்கள். பள்ளி ஒரு மைலுக்குள் இருக்கட்டும், அல்லது இரண்டரை மைலுக்கு அப்பால் இருக்கட்டும். இடைப்பட்ட தொலைவில் வீடு வாங்காதீர்கள். பெண் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் காலத்தையும் எண்ணிப் பாருங்கள்: ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தானாக இடம் கிடைக்க, 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து வகுப்பில் முதல் 5 விழுக்காட்டுக்குள் வர வேண்டும். எல்லோரும் ஒன்பதையும் பத்தையும் தேடி வந்து கூடும் பள்ளியில் அந்த 5 விழுக்காடு எவ்வளவு நெருக்கடியானது என்பதை ஏழாம் வகுப்பிலேயே மகளின் தோழிகளுடைய பேச்சில் கேட்கிறேன்.

பரிந்துரைப்பேனா என்றால், இன்றைய மனநிலையில் மாட்டேன். முதலில் ஓராண்டு வாடகைக்கு வாருங்கள், இந்த மாவட்டத்தில் வீடு வாங்காதீர்கள் என்று தம்பியிடம் சொன்னேன். சென்ற வாரம்தான் அடுத்த எல்லைத் திருத்தத்துக்கான அறிவிப்பும் வந்திருக்கிறது. "அப்படியானால் நீங்கள் ஏன் அண்ணா இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார். மகனுக்கு வாசிக்கச் சொல்லித் தரும் அந்த ஆசிரியை அங்கே இருக்கிறார். அவன் ஐந்தாம் வகுப்பை முடிக்க இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. அதுவரை நாங்கள் வீட்டை விற்கப் போவதில்லை.