கிட்டார் டியூப் ஆம்பில் (வெற்றிடக் குழாயால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்) சத்தம் குறைவா? கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் டியூபா, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூபா?

டியூப் வாங்க கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் பஸ் ஏறும் முன், எஃபெக்ட்ஸ் லூப்பின் (எஃபெக்ட் பெடலை நடுவில் இணைக்க ஆம்பில் உள்ள ஜாக் ஜோடி) சென்ட், ரிட்டர்ன் இரண்டையும் சின்ன கேபிளால் இணைத்துப் பாருங்கள். சத்தம் திரும்பினால் டியூபில் குறையில்லை. ரிட்டர்ன் ஜாக்கின் உள்தகடு கறுத்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைப் பத்து முறை செருகி எடுங்கள்.

கேபிளால் இணைத்தும் சத்தம் திரும்பவில்லையா? அப்போது டியூபைப் பார்க்கலாம்.

செலவு: ப்ரீஆம்புக்கு 12ஏஎக்ஸ்7 வகை டியூப் ஒன்று போதும். பவருக்கு இஎல்34 வகை என்றால் மேட்ச் செய்த (மின்னளவு ஒத்த) ஜோடி.

வேலை: ப்ரீஆம்ப் டியூபை, ஆஃப் செய்து ஆறவிட்டு, நீங்களே மாற்றலாம். பவர் டியூபுக்குப் பெரும்பாலும் பயாஸ் (சிக்னல் இல்லாதபோது டியூபில் ஓடும் மின்னோட்ட அளவு) சரிசெய்ய வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் சுமார் 400 வோல்ட் நிற்கலாம். தயவுசெய்து டெக்னீஷியனிடம் விடுங்கள்.

ஆயுள்: பவர் டியூப்தான் சீக்கிரம் தேயும்.

ஒரே சேனலில் சத்தம் குறைந்தால் ப்ரீஆம்ப் டியூபை மாற்றுங்கள். எல்லாச் சேனலிலும் குறைந்து, உர்ரென்ற இரைச்சலும் சேர்ந்தால் பெரும்பாலும் பவர் ஜோடிதான். அறை விளக்கை அணைத்து டியூப்களைப் பாருங்கள். சில சமயம் ஒன்றில் மட்டும் இழை சிவக்காது.