கிருஷ்ணகிரியிலிருந்து கடலுக்கு: கோவளமா, புதுச்சேரியா, மராரியா?

மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுக்கு மே மாதம் விடுமுறை கிடையாது. பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்காது, பெரியவர்களுக்குக் காய் பறிப்பும் மண்டி ஓட்டமும் இருக்கும். அதனால் சந்தூர், போச்சம்பள்ளி பக்கத்தில் எங்களைப் போன்ற குடும்பங்கள் வெளியூர் கிளம்புவது காலாண்டு விடுமுறையிலோ அரையாண்டிலோதான். இந்த முறை செப்டம்பர் கடைசியில், நல்ல ரிசார்ட்டாகப் பார்த்து இரண்டு ராத்திரி தங்குவது என்று முடிவானது. முழங்கால் வலியோடு அம்மா, நீச்சல் தெரியாத இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். சென்னையை அடுத்த கோவளம்–மாமல்லபுரம், புதுச்சேரி, ஆலப்புழைக்கு வடக்கே மராரிக்குளம் என்று மூன்று இடங்கள் கடைசிவரை நின்றன. கோவளத்துக்குப் போனோம். இதே குடும்பத்தோடு மறுபடி போவதானாலும் அங்கேதான் போவேன்.

அறை, மெத்தை, காலைச் சாப்பாடு பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். இந்த விலைக்கு மூன்று ஊரிலும் நன்றாகவே இருக்கும். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டாவிட்டால் 5 சதவீதம் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். சனி ஞாயிறைத் தவிர்த்தால் வாடகையும் இறங்கும், கூட்டமும் இருக்காது.

நிஜமாகப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: காசு கொடுத்துக் கடலோரம் தங்கினால், பிள்ளைகளால் அந்தக் கடலில் இறங்க முடியுமா?

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் ஒகேனக்கல்தான். அங்கே பாறை எது, சுழல் எது என்று பரிசல்காரர் சொல்லிவிடுவார். கடலில் அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. கிழக்குக் கடற்கரையில் பல இடங்களில் கரையை ஒட்டியே தரை சட்டென்று இறங்கிவிடும். அலை கரையிலேயே வந்து உடைந்து, அதே வேகத்தில் திரும்பும். முழங்கால் தண்ணீரில் நின்ற என் மகள், காலுக்குக் கீழே மணல் உருவிக்கொண்டு போவதைப் பார்த்து என் கையை இறுக்கிப் பிடித்தாள். பெரியவர்களுக்கே நிலை தடுமாறும். ஆகவே ரிசார்ட்டுக்கு எதிரே கடல் இருந்தால் மட்டும் போதாது. விசிலோடு நிற்கும் உயிர்காப்பாளர் வேண்டும், குளிக்கும் எல்லையைக் காட்டும் கொடி வேண்டும், கடல் சரியில்லாத நாளுக்கு நல்ல நீச்சல்குளமும் வேண்டும்.

கோவளம் முந்துவது இங்கேதான். அந்தக் கடற்கரைக்கு 2021-ல், சுத்தமும் பாதுகாப்பும் பார்த்துத் தரும் சர்வதேச நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அந்தச் சான்று வேண்டுமானால் உயிர்காப்பாளர் அல்லது உயிர்காப்புக் கருவிகள், குளிக்கும் பகுதிக்கு எல்லை, தண்ணீர்ப் பரிசோதனை, கழிப்பறை எல்லாம் இருந்தாக வேண்டும். ரிசார்ட்டில் தங்கிக்கொண்டு, பிள்ளைகளை அலையில் நனைய விட மட்டும் அங்கே அழைத்துப் போனோம். கொஞ்சம் உள்ளே போனாலே விசில் வந்தது. மற்ற நேரமெல்லாம் குளம்தான். இந்தப் பகுதி ரிசார்ட்டுகளில் குளங்கள் பெரியவை. மாமல்லபுரம் டெம்பிள் பே ரிசார்ட்டின் குளம் அறைகளை ஒட்டியே வளைந்து நீண்டு ஓடும். 2019-ல் சீன அதிபரைச் சந்திக்க வந்த பிரதமர் தங்கியது கோவளத்தின் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் ரிசார்ட்டில். அதன் வாடகை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. மழை வந்தால் வடநெம்மேலி முதலைப் பண்ணை, முட்டுக்காடு தட்சிணசித்ரா, வெயில் தாழ்ந்தால் மாமல்லபுரக் கடற்கரைக் கோயில் என்று பொழுது போக்க நிறைய இருக்கிறது.

தூரம் பார்த்தால் புதுச்சேரிதான் பக்கம். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சுமார் 210 கிலோமீட்டர். போகிற வழியில் அம்மாவுக்கு அண்ணாமலையார் தரிசனமும் ஆகிவிடும். ஆனால் அங்கே மணல் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் அறை போட வேண்டும். நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களில் அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் துறைமுகத்துக்காகக் கல் சுவர் போட்டதும் அந்த ஓட்டம் தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரையும் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரையிலான கரையும் அரித்துப் போயின. 2018-ல் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு அங்கே ஓரளவு மணல் திரும்பியது. ஆகவே புதுச்சேரிதான் என்று முடிவெடுப்பவர்கள் துறைமுகத்துக்குத் தெற்கே பாருங்கள். சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கும் அதே 2021-ல் நீலக்கொடி கிடைத்திருக்கிறது. வடக்கே என்றால், இந்த மாதம் எடுத்த படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அறைக்கு எதிரே மணலுக்குப் பதில் கருங்கல் குவியல் இருந்தால் பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள்?

மராரியில் நான் தங்கியதில்லை, சித்தப்பா வீட்டார் போய் வந்து சொன்னதுதான். தென்னந்தோப்புக்குள் தனித்தனிக் குடில், அகன்ற மணல், நம் பக்கத்தை விடச் சாந்தமான கடல் என்று இன்னும் சொல்லி மாளவில்லை அவர்களுக்கு. அவர்கள் போனது ஜனவரியில். எங்களுக்குக் கிடைத்த செப்டம்பரில் அங்கே தென்மேற்குப் பருவமழை முழுதாக விலகியிருக்காது. கோடையில் போகிறவர்கள் கள்ளக்கடல் எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தூரத்தில் எழுந்த அலை வந்து கரையேறும். அரையாண்டு விடுமுறை என்றால் கணக்கு தலைகீழ். டிசம்பரில் நம் கரைக்குப் புயல் பயம் உண்டு, அங்கே வானம் தெளிவாக இருக்கும். அப்போது மராரிக்கே என் ஓட்டு. ஐந்நூறு கிலோமீட்டர் கார் ஓட்ட வேண்டியதில்லை; தர்மபுரியில் காலையில் எர்ணாகுளம் இன்டர்சிட்டி ரயிலில் ஏறினால் சாயங்காலம் எர்ணாகுளம் போய், அங்கிருந்து மராரி போகலாம்.

கோவளத்துக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். விடியற்காலையில் கிளம்பினால் வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக மதியத்துக்கு முன்பே போய்விடலாம், ஆனால் அறை தருவது இரண்டு மூன்று மணிக்குத்தான். காஞ்சிபுரத்திலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வயதானவர்கள் கூட வந்தால் தரைத்தள அறை வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மணலில் அம்மாவால் நடக்க முடியவில்லை; அறை வாசலில் நாற்காலி போட்டு, பிள்ளைகளையும் கடலையும் பார்த்துக்கொண்டு இருந்தார்.