அமெரிக்க அரசுக் கட்டுமானம்: யூனியன் ஒப்பந்தமா, கூலிச் சட்டம் மட்டும் போதுமா?

வரிப்பணத்தில் பாலமோ பள்ளிக்கூடமோ கட்டினால், அங்கே உழைப்பவருக்கு நியாயமான கூலி கிடைத்தே ஆக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை எப்படி உறுதி செய்வது என்பதில்தான் அமெரிக்காவில் நெடுங்காலமாக இழுபறி.

பழைய வழி, 1931இல் வந்த டேவிஸ்-பேக்கன் சட்டம். 2,000 டாலருக்கு மேற்பட்ட மத்திய அரசுக் கட்டுமான வேலைகளில், அந்த வட்டாரத்தில் கொத்தனாருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் நடப்பில் உள்ள கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். யூனியன் ஆளா என்று யாரும் கேட்பதில்லை. காண்ட்ராக்டர் வாராவாரம் சம்பளப் பட்டியல் தர வேண்டும். ஓட்டையும் உண்டு: கைதேர்ந்த தொழிலாளியை உதவியாள் என்று பட்டியலில் எழுதிவிட்டால் கூலி குறைந்துவிடும். ஆய்வாளர் நேரில் வந்து பார்க்காவிட்டால் இது வெளியே வருவது கடினம்.

இன்னொரு வழி, பி.எல்.ஏ. எனப்படும் திட்டத் தொழிலாளர் ஒப்பந்தம். வேலை தொடங்கும் முன்பே யூனியன்களோடு பேசிக் கூலி, வேலை நேரம், தகராறைத் தீர்க்கும் முறை எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள். பதிலுக்கு, வேலை முடியும்வரை வேலைநிறுத்தம் கிடையாது. யூனியன் சாராத காண்ட்ராக்டரும் டெண்டர் போடலாம். ஆனால் பெரும்பாலான ஆட்களை யூனியன் வழியாகத்தான் எடுக்க வேண்டும், யூனியனின் ஓய்வூதிய நிதிக்கும் பணம் கட்ட வேண்டும். தன் ஆட்களுக்கு ஏற்கெனவே தனித் திட்டம் வைத்திருப்பவருக்கு இது இரட்டைச் செலவு. கட்டுமானத் தொழிலாளர்களில் பத்தில் ஒருவர்தான் யூனியனில் இருக்கிறார் என்பதால், பலர் டெண்டர் பக்கமே வருவதில்லை.

பி.எல்.ஏ. தன் மதிப்பைக் காட்டிய இடம் பாஸ்டன் துறைமுகம். கழிவுநீரால் நாறிப்போன அந்தத் துறைமுகத்தைச் சுத்தம் செய்ய நீதிமன்றமே கெடு விதித்திருந்தது. சுமார் பத்து ஆண்டு வேலை, பல தொழில்களைச் சேர்ந்த ஆட்கள். ஒரு பிரிவு வேலையை நிறுத்தினாலும் எல்லாம் நின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பத்தாண்டு வேலைநிறுத்தம் இல்லை என்ற உறுதி பெரிய சொத்து. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒப்பந்தத்தின் பக்கம் நின்றது.

சரி, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வருவோம். வீடற்றவர்களுக்கு வீடு கட்ட, 2016இல் மக்கள் வாக்களித்து 120 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். 65 வீடுகளோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் என்றால் பி.எல்.ஏ. கட்டாயம். பலர் 65க்குச் சற்றுக் கீழேயே நிறுத்திக்கொண்டார்கள். 2021இல் வந்த ராண்ட் நிறுவன ஆய்வு, இந்த விதியால் கட்டுமானச் செலவு 14.5 சதவீதம் கூடியதாகக் கணக்கிட்டது. இதை என்னால் எளிதில் தாண்டிப் போக முடியவில்லை. தெருவில் படுப்பவருக்காக ஒதுக்கிய பணம் அது. கூடுதலாகச் செலவான ஒவ்வொரு டாலரும் கட்டப்படாமல் போன வீட்டின் பங்கு.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. மாசசூசெட்ஸ் பள்ளிகளைப் பற்றி ஒரு ஆய்வு செலவு கூடியது என்றது. பள்ளிகளின் தன்மையைக் கணக்கில் சேர்த்த இன்னொரு ஆய்வு, குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை என்றது.

அதனால்தான் ஒரே தொகையைக் கோடாகக் கிழிப்பது எனக்கு ஒப்பவில்லை. பைடன் 2022இல் போட்ட ஆணை, 3.5 கோடி டாலர் முதல் உள்ள மத்திய அரசுக் கட்டுமானங்களுக்குப் பி.எல்.ஏ.யைக் கட்டாயமாக்கியது. விதிவிலக்கு உண்டு என்றாலும் கட்டாயமே பொது விதி. 2025 ஜனவரியில் ஒரு மத்திய நீதிமன்றம், தன் முன் வந்த டெண்டர்களில் இந்த நிபந்தனை, அரசு டெண்டரில் முழுமையான போட்டி இருக்க வேண்டும் என்கிற சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது.

கெடு இறுக்கமாக உள்ள, பல ஆண்டு இழுக்கும், நடுவில் நிற்கவே கூடாத வேலைக்கு நான் பி.எல்.ஏ.யைத்தான் கேட்பேன். வீடுகளுக்கும் சாதாரணக் கட்டடங்களுக்கும் கூலிச் சட்டம் போதும். ஆனால் சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு களத்தில் இறங்கிச் சரிபார்க்கப் போதுமான ஆய்வாளர்களை அரசு நியமிக்க வேண்டும்.