ஜிபியில் பதிந்து தருகிறேன் என்று காசு வாங்கினார், ஸ்கேன் கடிதம் எங்கேயோ போனது

லண்டன் வந்த புதிதில், "இன்னும் சர்ஜரியில் பதியவில்லை" என்று போனில் சொன்னதும் மதுரையில் அம்மா பதறிவிட்டார், யாருக்கு ஆபரேஷன் என்று. இங்கே ஜிபி என்கிற குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கே அதுதான் பெயர் என்று விளங்கவைக்கப் பத்து நிமிடம் ஆனது. அதே போல எனக்கும் யாராவது பத்து நிமிடம் விளங்கவைத்திருந்தால் 150 பவுண்டு மிஞ்சியிருக்கும்.

மனைவிக்குத் தைராய்டு. மூன்று மாத மாத்திரையோடு வந்து ஈஸ்ட் ஹாமில் ஒரு மாடி அறையில் குடியேறினோம். கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில். ஒப்பந்தம் கேட்டால் "பார்த்துக்கலாம் தம்பி" என்பார். பக்கத்துச் சர்ஜரி ரிசப்ஷனில் பாஸ்போர்ட்டும் முகவரிக்கு இரண்டு சான்றும் கேட்டார்கள். இல்லை என்றோம். "அப்படியானால் பதிய முடியாது" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். பின்னால் வரிசை நின்றதால் நானும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் அந்தக் கடை. பணம் அனுப்புவது, ஜெராக்ஸ், விசா படிவம் எல்லாம் பார்க்கும் இடம். கல்லாவில் இருந்தவர் தமிழர். "இதெல்லாம் ஒரு விஷயமா தம்பி, தலைக்கு 75 கொடுங்க, ஒரு வாரத்தில் முடிச்சுடலாம்" என்றார். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மனசு இளகிவிட்டது. பாஸ்போர்ட் நகலையும் கொடுத்தோம். சொன்னபடியே ஒரு வாரத்தில் என்.எச்.எஸ் (இங்குள்ள அரசு மருத்துவ சேவை) எண் வாட்ஸ்அப்பில் வந்தது. சர்ஜரி மட்டும் இல்ஃபோர்டு பக்கம். "அங்கேதான் இடம் இருக்கு" என்றார், நம்பினோம்.

மாத்திரை கிடைத்தது. கழுத்தில் சின்னக் கட்டி தட்டுப்படுகிறது என்று டாக்டர் ஸ்கேனுக்கு எழுதினார். காத்திருந்தோம். இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தால், இரண்டு முறை கடிதம் அனுப்பியும் நீங்கள் வரவில்லை, ஆஸ்பத்திரியில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். எந்த முகவரிக்கு என்று கேட்டேன். வாசித்துக் காட்டினார்கள். நாங்கள் பார்த்தே இராத தெரு! மொபைல் எண்ணும் எங்களுடையது இல்லை, கடைக்காரருடையது. தன்னிடம் பில் இருந்த ஏதோ ஒரு வீட்டு முகவரியில் எங்களைப் பதிந்திருக்கிறார். அந்த வீட்டில் இன்னும் எத்தனை பேருடைய ஆஸ்பத்திரிக் கடிதம் கிடக்கிறதோ.

போய்க் கேட்டேன். "நம்பர் வந்துச்சா இல்லையா? அப்புறம் என்ன?" என்றார். ரசீது ஏது, சண்டை போட?

பிறகு தெரிந்துகொண்டது இது. இங்கிலாந்தில் ஜிபியிடம் பதிய ஒரு பைசா கட்டணம் இல்லை. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, விசா எதுவும் கட்டாயமும் இல்லை. கேட்கலாம், ஆனால் இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது. அவர்கள் எல்லைக்கு வெளியே வீடு இருந்தாலோ, புது ஆட்களைச் சேர்ப்பதையே நிறுத்தியிருந்தாலோ மறுக்கலாம். அப்போதும் 14 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆகவே ரிசப்ஷனில் சத்தம் போட வேண்டாம், "மறுப்பதை எழுதிக் கொடுங்கள்" என்று பிராக்டிஸ் மேனேஜரிடம் கேளுங்கள். நான் அதே பழைய சர்ஜரிக்குப் போய் அதைத்தான் கேட்டேன். உள்ளே போய் வந்தவர், பதிவுப் படிவத்தை நீட்டினார். பில்லைப் பற்றிப் பேச்சே இல்லை. வரிசையில் நிற்கப் பிடிக்காதவர்கள் என்.எச்.எஸ் இணையதளத்திலேயே பதியலாம். பழைய இடத்தில் போய் நீக்கச் சொல்ல வேண்டியதில்லை, ஆவணங்கள் தானாக மாறிவிடும். விசாவோடு மருத்துவ சேவைக் கட்டணமாக ஆளுக்கு வருடம் 1,035 பவுண்டு வீதம், மூன்று வருடத்துக்கு இருவருக்கும் 6,210 பவுண்டு ஏற்கெனவே கட்டியவன் நான். அதற்கு மேல் ஒரு 150!

இன்னொன்று. தைராக்சின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இங்கே மருந்துச் சீட்டுக் கட்டணம் கிடையாது. அந்த விலக்குச் சான்றிதழுக்கான எஃப்பி92ஏ என்ற படிவத்தைச் சர்ஜரியில் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். அதை நிரப்பித் தர அந்தக் கடைக்காரர் 30 பவுண்டு கேட்டார். நல்லவேளை, அன்று கையில் காசில்லை.

ஸ்கேனுக்குப் புது டாக்டர் மறுபடி எழுதியிருக்கிறார், வரிசையின் கடைசியில் நிற்கிறோம். எங்கள் பாஸ்போர்ட் நகல்கள் இன்னும் அந்தக் கல்லாவில்தான் இருக்கின்றன.