கொம்பு ஆன்டெனாவும் மிச்சிகனின் 15 ஆட்டங்களும்

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தட்டை ஆன்டெனா 25 டாலர். அது சரிவராமல் பிறகு வாங்கிய கொம்பு ஆன்டெனா 15 டாலர். ஆக மொத்தம் நாற்பது டாலர். இதை வைத்துக்கொண்டு மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் 2023 சீசனில், 15 ஆட்டங்களில் 10 ஆட்டங்களை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். மாதச் சந்தா கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. அந்தப் பத்தில் ஒன்று மட்டும் பாதிதான் தெரிந்தது. அந்த வயிற்றெரிச்சலைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது டெட்ராய்ட்டுக்கு மேற்கே, கேன்டன் பக்கம், ஓர் அபார்ட்மென்டில். அந்த வருடம்தான் மகன் ஆன் ஆர்பரில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு சேர்ந்தான். சேர்ந்த வாரமே மாணவர் சீசன் டிக்கெட்டும் வாங்கிவிட்டான். அதுவரை எங்கள் வீட்டில் ஃபுட்பால் என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. காலுக்கு வேலையே இல்லாத ஆட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று பல வருடம் கிண்டல் செய்தவன் நான். என் மனைவி மட்டும் ஆகஸ்ட் மாதம் முழுக்க உட்கார்ந்து விதிகளைப் படித்தாள். நாலு வாய்ப்பில் பத்து யார்டு நகர வேண்டும், நகராவிட்டால் பந்து எதிரணிக்கு. "பிள்ளை கூட்டத்துல நிப்பான், டிவியில தெரிஞ்சாலும் தெரிவான்" என்பதுதான் அவள் சொன்ன காரணம். பிக் ஹவுஸ் என்று அழைக்கப்படும் பல்கலைக்கழக அரங்கத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அதில் அவனைத் தேடுவதாம்.

கேபிள் சேனல்களை இணையத்தில் தரும் சேவைகளுக்கு அப்போதே மாதம் 70 டாலருக்கு மேல். கல்லூரிக் கட்டணம் கட்டிவிட்டு வந்த கையோடு அதையும் கட்ட மனசு வரவில்லை. ஆட்ட அட்டவணையை எடுத்து எந்த ஆட்டம் எந்தச் சேனலில் என்று குறித்தேன். பிக் டென் என்னும் அவர்களுடைய கூட்டமைப்பு ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் போட்ட புது ஒப்பந்தம் அந்த வருடம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. மூன்றுமே காற்றில் இலவசமாக வருகிற சேனல்கள். டெட்ராய்ட் சேனல்களின் கோபுரங்கள் சவுத்ஃபீல்டு வட்டாரத்தில் இருக்கின்றன, எங்கள் வீட்டிலிருந்து சுமார் 20 மைல். அப்புறம் என்ன, ஆன்டெனா போதுமே!

சின்ன வயதில் மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, "இப்ப தெரியுதா?" என்று கீழே பார்த்துக் கத்தியவன் நான். எனக்கா தெரியாது என்ற நினைப்பு வேறு.

வாங்கிய தட்டை ஆன்டெனா ஒரு காகிதத் தாள் போல இருக்கும். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, கேபிளை டிவியில் செருகி, சேனல் தேடச் சொன்னால் முடிந்தது. பெட்டியில் 120 மைல் தூரம் வரை இழுக்கும் என்று போட்டிருந்தார்கள். அந்த வரியை நம்பி யாரும் வாங்காதீர்கள். பூமி உருண்டை. கோபுரம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அறுபது எழுபது மைலுக்கு அப்பால் அது அடிவானத்துக்குக் கீழே போய்விடும். ஜன்னலில் ஒட்டிய தாள் அதைத் தாண்டி எதை இழுக்கும்? கூடவே கொடுத்த பூஸ்டரையும் கழற்றிப் போட்டுவிட்டேன். கோபுரம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது உதவியைவிட உபத்திரவம்தான். ஏற்கெனவே வலுவாக வருகிற சிக்னலை மேலும் ஊதி, டிவியைத் திணறடித்துவிடும்.

முதல் ஆட்டம், ஈஸ்ட் கரோலினாவோடு. அது பீகாக் என்ற இணையச் சேவையில் மட்டும் என்று அறிவித்துவிட்டார்கள். ஆறு டாலர் கொடுத்து ஒரு மாதம் சேர்ந்து, பார்த்து முடித்ததும் விலகினேன். இரண்டாவது ஆட்டம் சிபிஎஸ்ஸில், திரையில் சேனல் எண் 62. ஆன்டெனாவுக்கு அதுதான் அரங்கேற்றம். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. புல்லின் நிறம், ஹெல்மெட்டில் இருக்கிற மஞ்சள் இறக்கை, எல்லாம் துல்லியம். இணையத்தில் வருகிற படத்தை அமுக்கி அமுக்கி அனுப்புவார்கள், வேகமாக ஓடும்போது முகம் குழைந்துவிடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. மிச்சிகன் 35-7. வீட்டில் எனக்கு மரியாதை கூடியது.

செப்டம்பர் 30, நெப்ராஸ்காவோடு. ஃபாக்ஸில் வந்த முதல் ஆட்டம். மரியாதை அன்றைக்கே போய்விட்டது.

படம் வரும். மூன்று நிமிடம் ஓடும். அப்புறம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒருவர் கால் காற்றில் நிற்க, அப்படியே உறைந்துவிடும். பழைய டிவியில் புள்ளி புள்ளியாகப் பூச்சி பறந்தாலும் ஆட்டம் பின்னால் தெரிந்துகொண்டே இருக்கும். டிஜிட்டலில் அந்தத் தயவு கிடையாது. வந்தால் முழுதாக வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. மிச்சிகனின் ரோமன் வில்சன், எதிராளியின் ஹெல்மெட்டோடு பந்தை அமுக்கிப் பிடித்து டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) போட்டாரே, அந்த வருடத்தின் பேசப்பட்ட கேட்ச்களில் ஒன்று, அது நடந்த நேரத்தில் எங்கள் திரையில் நாலு பச்சைச் சதுரமும் ஒரு தோள்பட்டையும்தான் இருந்தன. மறுநாள்தான் பார்த்தேன். மிச்சிகன் 45-7 என்று ஜெயித்ததையும் ஃபோனில்தான் தெரிந்துகொண்டேன். ஜன்னலை மாற்றினேன், தாளைத் தலைகீழாக ஒட்டினேன், கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் பிடித்தால் தெரிந்தது. எவ்வளவு நேரம் நிற்பது?

அன்று இரவு உட்கார்ந்து படித்தபோதுதான் சங்கதி புரிந்தது. இதை வாங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும், ஆகவே நீங்களாவது படியுங்கள். டெட்ராய்ட்டில் திரையில் 2 என்று காட்டுகிற ஃபாக்ஸ், உண்மையில் காற்றில் வருவது 7-ஆம் சேனலில். திரையில் 7 என்று காட்டுகிற ஏபிசி வேறு எங்கோ மேலே இருக்கிறது. எண்ணெல்லாம் பழைய பெயர்ப் பலகைதான், உள்ளே குடியிருப்பது வேறு ஆள். காற்றில் 7 என்றால் விஎச்எஃப் என்கிற அலைவரிசைப் பிரிவு, அலை நீளமானது. அதன் பாதி நீளம் மட்டுமே சுமார் 33 அங்குலம் வரும். நாங்கள் பார்க்கும் மற்ற சேனல்கள் யுஎச்எஃப் பிரிவு, அவற்றுக்குப் பாதி அலை ஓர் அடிக்குள் அடங்கிவிடும். ஓரடி அகலத் தாள் அவற்றைச் சுலபமாகப் பிடிக்கும், ஃபாக்ஸ் அலையை மட்டும் நழுவவிடும். குறை கோபுரத்திலும் இல்லை, டிவியிலும் இல்லை. "எல்லாச் சேனலும் கிடைக்கும்" என்று பெட்டியில் எழுதியவர்மேல்தான்.

அடுத்து வாங்கியது பழைய மாதிரி: ஒரு சின்ன மேடை, நடுவில் ஒரு வளையம், இரண்டு பக்கமும் இழுத்தால் நீளும் கம்பிகள். மனைவி அதைக் கொம்பு என்று அழைக்க ஆரம்பித்து அதுவே பெயராகிவிட்டது. வளையம் யுஎச்எஃப்புக்கு, கொம்பு விஎச்எஃப்புக்கு. இரண்டு கம்பியையும் படுக்கை வசத்தில் விரித்து, ஒவ்வொன்றையும் ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவாக இழுத்து, வடகிழக்கு ஜன்னல் ஓரம் வைத்தேன். முழு நீளத்துக்கு இழுத்தால்தான் நன்றாகத் தெரியும் என்று நினைப்போம், அப்படியில்லை. அளவு முக்கியம். டேப் வைத்து அளந்தேன். சேனல் தேடியதும் ஃபாக்ஸ் வந்து உட்கார்ந்தது. அரை மணி நேரம் கண் கொட்டாமல் ஏதோ சமையல் நிகழ்ச்சியைப் பார்த்தேன், ஒருதடவைகூட உடையவில்லை.

மினசோட்டாவை 52-10 என்று அடித்தது என்பிசியில். அது எப்போதும் பிரச்சினை தராத சேனல். அக்டோபர் 14, இண்டியானாவோடு மீண்டும் ஃபாக்ஸ், மதியம் 12 மணி. இட்லிக்குச் சட்னி அரைக்கிற வேலை என்னுடையது. நான் சமையலறையில், மனைவி கூடத்தில். மிக்ஸியைப் போட்டேன்.

"என்னங்க, நிறுத்துங்க! போச்சு, போச்சு!"

நிறுத்தினேன். படம் வந்தது. இன்னும் தேங்காய் அரைபடவில்லையே என்று மறுபடி போட்டேன். படம் போனது. மூன்று தடவை செய்து பார்த்தோம், சந்தேகமே இல்லை. மிக்ஸி மோட்டாரின் உள்ளே கார்பன் பிரஷ் உரசித் தீப்பொறி பறக்கிறது, அந்த இரைச்சல் விஎச்எஃப் வரிசையில் நேராகப் போய் விழுகிறது. என்பிசியில் வைத்தால் ஒன்றும் ஆவதில்லை, ஃபாக்ஸில்தான் இந்தக் கூத்து. இந்த இடைவெளியில் இண்டியானா முதல் டச்டவுனைப் போட்டிருந்தது. அதைப் பார்க்கவிடாமல் செய்தது நான் செய்த நல்ல காரியம் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பிறகு மிச்சிகன் தொடர்ச்சியாக 52 புள்ளி எடுத்தது. அன்று முதல் ஃபாக்ஸ் ஆட்டமென்றால் சட்னி காலை பத்து மணிக்கே தயார்.

இனி ஆன்டெனாவின் பெரிய பெருமைக்கு வருகிறேன். எங்கள் மேல்வீட்டுத் தம்பி மாதச் சந்தா கட்டி இணையத்தில் பார்ப்பவர். அவருக்கு வருவது எங்களுக்குப் பிறகு, அரை நிமிடம்கூட ஆகும். நவம்பர் 11, பென் ஸ்டேட் ஆட்டம். பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவை முந்தின நாள்தான் கூட்டமைப்பு மூன்று ஆட்டங்களுக்குத் தள்ளி வைத்திருந்தது, எதிரணிகளின் சைகைகளைத் திருடிய விவகாரத்துக்காக. அவர் இடத்தில் ஷெரோன் மூர் நின்றார். அன்று மிச்சிகன் கடைசி 32 முறையும் பந்தை எறியவே இல்லை, ஓட்டம், ஓட்டம், ஓட்டம்தான். மாவாட்டுகிற மாதிரி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நாங்கள் கைதட்ட, மேலேயிருந்து செய்தி வரும்: "அண்ணே, மெதுவா. எனக்கு இன்னும் வரல." 24-15 என்று முடிந்து மூர் அழுதபோது நாங்கள் அமைதியாகிவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து மேலே கைதட்டல் கேட்டது.

நவம்பர் 25, ஒஹையோ ஸ்டேட். இந்த ஒரு நாளுக்காகவே நாற்பது டாலர் தகும். மகன் அரங்கத்துக்குள் இருக்கிறான், ஒரு லட்சம் பேர் நடுவில் ஃபோன் வேலை செய்வது அபூர்வம். மூன்றாம் பகுதியில் ஸாக் ஸின்டர் விழுந்தார். அணியின் மூத்த வீரர், 65-ஆம் எண். வண்டி வந்தது. மகனிடமிருந்து ஒரு செய்தி தப்பி வந்து சேர்ந்தது: "அப்பா, 65க்கு என்ன ஆச்சு? இங்கிருந்து தெரியல." அங்கே இருப்பவன் இங்கே கேட்கிறான். "கால்" என்று மட்டும் அனுப்பினேன். விளையாட்டு மறுபடி தொடங்கிய முதல் முறையே பிளேக் கோரம் 22 யார்டு ஓடிப் போய் டச்டவுன் போட்டு, விரல்களால் ஆறு, ஐந்து என்று காட்டினார். கொம்பு ஒரு நொடியும் பிசகவில்லை. மிச்சிகன் வீரர் ராட் மூர் கடைசியில் பந்தைப் பறித்து 30-24 என்று ஆனபோது, மேல்வீட்டுத் தம்பி பாவம் என்றெல்லாம் நாங்கள் யோசிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அயோவாவை 26-0 என்று வென்ற கூட்டமைப்புச் சாம்பியன் ஆட்டம், அதுவும் ஃபாக்ஸ். அதோடு கொம்பின் வேலை முடிந்தது.

குறை இதுதான், மறைக்க மாட்டேன். செப்டம்பரில் இரண்டு ஆட்டங்கள் பிக் டென்னின் சொந்தக் கேபிள் சேனலில் வந்தன. தேசிய அரையிறுதியான ரோஸ் பவுலும் இறுதியும் ஈஎஸ்பிஎன் என்ற கேபிள் சேனலில். எந்தக் கொம்பும் அவற்றைப் பிடிக்காது. ஆக, உச்சகட்டத்துக்கு மேல்வீடுதான் கதி. ஜனவரி 1, அலபாமாவோடு ரோஸ் பவுல், கூடுதல் நேரம். மிச்சிகன் 27-20 முன்னிலை, அலபாமாவுக்குக் கடைசி வாய்ப்பு, கோட்டுக்கு மூன்று யார்டு. திரையில் இன்னும் வரிசைகட்டி நிற்கிறார்கள். விடுமுறைக்கு வந்திருந்த மகனின் ஃபோன் துடித்தது. பார்த்தான். வாயை இறுக்க மூடிக்கொண்டான், ஆனால் கண் சொல்லிவிட்டது. அப்புறம்தான் அலபாமாவின் மில்ரோ ஓடி, கோட்டைத் தொடாமல் விழுந்தார். நாங்கள் கத்தினோம், சரிதான், ஆனால் பழைய கத்தல் இல்லை. ஹூஸ்டனில் நடந்த இறுதிக்கு எல்லோர் ஃபோனையும் வாங்கித் தம்பி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். வாஷிங்டனை 34-13 என்று வென்று, 15-0 என்று சீசன் முடிந்தது.

மதிப்பெண் வேண்டுமென்றால், தட்டைக்கு ஐந்துக்கு இரண்டு, கொம்புக்கு நாலு. ஊருக்கு ஊர் சேனல் அலைவரிசை மாறும், ஆகவே உங்கள் ஊரில் எது விஎச்எஃப் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எல்லாமே யுஎச்எஃப் என்றால் தட்டையே போதும். கேபிள் சேனல் ஆட்டம் ஒன்றையும் விட முடியாது என்கிறவர்களுக்கு இரண்டுமே வேண்டாம்.

தட்டை இப்போது படுக்கையறை டிவியில். கொம்பைப் பெட்டியில் கட்டிவைக்கலாம் என்று எடுத்தேன், மனைவி தடுத்தாள். அந்த ஜனவரியில் எங்கள் ஊர்த் தொழில்முறை ஃபுட்பால் அணி டெட்ராய்ட் லயன்ஸ் பிளேஆஃபுக்குப் போயிருந்தது. ராம்ஸோடும் டாம்பா பேயோடும் என்பிசி, மிக்ஸி தாராளமாக ஓடியது. 28-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவோடு ஃபாக்ஸ். அன்றைக்கு இட்லிக்குப் பொடிதான்.